இரண்டாவது பம்ப்புக்கு லைவ் எங்கிருந்து வருகிறது? ஹாரோவில் ஒரு ஹீட்டிங் வயரிங்

போன நவம்பர் கடைசியில் ஹாரோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். 1930களில் கட்டிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று படுக்கையறை வீடு. லண்டனைச் சுற்றித் தெருத்தெருவாக இதே மாதிரி வீடுகள்தான். இலங்கையிலிருந்து வந்து பல வருடங்களாக இங்கே இருக்கும் ஓர் அக்காவும் அவர் கணவரும் குடியிருக்கிறார்கள். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டி, அந்தப் புது அறைக்கு மட்டும் தரைக்கு அடியில் குழாய் ஓட்டி வெந்நீர் சுற்றும்படி செய்திருக்கிறார்கள். அதற்காகப் பழைய ஹீட்டிங்கோடு இன்னொரு பம்ப் சேர்ந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

"தம்பி, ராவிலை இது தன்பாட்டிலை எரியுது. எழும்பிப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பாத்தா பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. பிறகு என்னத்துக்கு எரியுது?" என்று அக்கா போனிலேயே சொல்லிவிட்டார். இதைவிட நல்ல தகவல் எனக்குக் கிடைத்திருக்காது. பாய்லர் எரிகிறது, ஆனால் வீடு சூடாகவில்லை என்றால், எந்த அறையும் சூடு கேட்காத நேரத்தில் வேறு ஏதோ ஒன்று பாய்லரை எரியச் சொல்கிறது என்று அர்த்தம். கூடவே இன்னொரு குறையும் சொன்னார்: ஃபியூஸ் போர்டில் ஆர்சிடி (மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) அவ்வப்போது விழுகிறது, சில நாள் இடது பக்கம், சில நாள் வலது பக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நானும் அப்போது நினைக்கவில்லை.

நான் போவதற்கு முன்பே தெர்மோஸ்டாட் ஒரு முறை மாற்றப்பட்டிருந்தது, ஒரு மோட்டார் வால்வின் தலையும் மாற்றப்பட்டிருந்தது. இரண்டுக்கும் காசு போனதுதான் மிச்சம்.

இங்கே இருக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த வீட்டில் இருப்பது எஸ் பிளான் என்று சொல்லும் ஏற்பாடு. சமையலறையில் கேஸ் பாய்லர். மாடியில் ஓர் அலமாரிக்குள் வெந்நீர் சிலிண்டர், பக்கத்தில் பம்ப், இரண்டு மோட்டார் வால்வுகள், எல்லா வயரும் வந்து சேரும் வயரிங் சென்டர் என்ற பெட்டி. ஒரு வால்வ் ரேடியேட்டர்களுக்கு, இன்னொன்று சிலிண்டருக்கு. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் நேராக பாய்லரிடம் பேசாது, முதலில் வால்விடம்தான் பேசும். வால்வின் பழுப்பு வயரில் 230 வோல்ட் வரும், மோட்டார் மெல்லச் சுற்றி வால்வைத் திறக்கும், முழுக்கத் திறக்கப் போகும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் சாம்பல் நிற வயரையும் ஆரஞ்சு வயரையும் சேர்த்துவிடும். சாம்பலில் எப்போதும் லைவ் இருக்கும் (ஊரில் நாம் பேஸ் என்று சொல்வது). ஆகவே வால்வ் திறந்த பிறகுதான் ஆரஞ்சில் லைவ் வரும், அந்த ஆரஞ்சுதான் பாய்லரை எரியச் சொல்லும். வழி திறக்காமல் தீ எரியக் கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். எல்லா வால்வுகளின் ஆரஞ்சும் ஒரே முனையில் சேரும். அதைப் பொது ஆரஞ்சு என்று சொல்கிறேன்.

பம்ப் மட்டும் வேறு மாதிரி. பாய்லர் அணைந்த உடனே பம்ப்பும் நின்றால் பாய்லருக்குள் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் கொதித்துவிடும். அதனால் பம்ப்புக்கு லைவ் கொடுப்பதை பாய்லரே பார்த்துக்கொள்ளும்: தீ அணைந்த பிறகும் சில நிமிடம் பம்ப்பை ஓடவிட்டு, சூட்டை வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் நிறுத்தும். அந்த நேரத்தில் வால்வுகள் மூடியிருக்கும் என்பதால் தண்ணீர் சுற்ற ஒரு பைபாஸ் குழாய் உண்டு. ஆக, பாய்லரிடம் இரண்டு வேறு லைவ்கள் இருக்கின்றன. ஒன்று உள்ளே வருவது: "எரி" என்று ஆரஞ்சு சொல்வது. இன்னொன்று வெளியே போவது: "ஓடு" என்று பாய்லர் பம்ப்பிடம் சொல்வது. இரண்டும் 230 வோல்ட், இரண்டும் பழுப்பு வயரில்கூட வரலாம், பெட்டிக்குள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மாடியில் ஹீட்டிங்குக்கான 3 ஆம்பியர் ஃபியூஸ் ஸ்பர், அதாவது ஃபியூஸோடு கூடிய ஒரு தனி ஸ்விட்ச், இருக்கிறது. அதை ஆஃப் செய்தால் பாய்லர், பம்ப், வால்வ் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிற்க வேண்டும், ஒரே இடத்தில் எல்லாமே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. ஆஃப் செய்தேன், ஃபியூஸையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்டரை அதற்கென்று வைத்திருக்கும் கருவியில் சரிபார்த்துவிட்டு, வயரிங் சென்டரின் மூடியைக் கழற்றி லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தேன். ஒன்றுமில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். டெஸ்டர் எரிந்தது.

நியூட்ரலில் மின்சாரம். ஸ்பர் ஆஃப், ஃபியூஸ் என் பையில், நீல வயர்கள் வரிசையாகச் சேரும் கட்டையில் உயிர் இருக்கிறது. லைவ்-நியூட்ரல் மட்டும் பார்த்துவிட்டு "சரி, செத்துவிட்டது" என்று விரலை வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

காரணம் கீழே சமையலறையில் இருந்தது. புது அறையின் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு ரிசீவர் பெட்டி. ஹீட்டிங் சர்க்யூட்டிலிருந்து அதற்குச் சப்ளை எடுக்காமல், பக்கத்திலிருந்த பிளக் பாயின்ட் சர்க்யூட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அதுதான். அந்த ரிசீவர் தரைச் சூட்டுக்கான மூன்றாவது வால்வின் பழுப்பு வயருக்கு லைவ் அனுப்பும். வால்வின் நியூட்ரலோ மாடிப் பெட்டிக்குப் போகிறது. ஆக, லைவ் ஒரு சர்க்யூட்டிலிருந்து போய், இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மாடியில் ஸ்பரை ஆஃப் செய்ததும் அந்த ஸ்விட்ச் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் வால்வ் மோட்டாரின் சுருள் வழியாக வந்து நியூட்ரல் கட்டையிலேயே நின்றது. அன்று காலை நல்ல குளிர், புது அறை சூடு கேட்டுக்கொண்டிருந்தது. அறை சூடாக இருந்திருந்தால் டெஸ்டர் எதையும் காட்டியிருக்காது, நான் கையை உள்ளே விட்ட பிறகு தெர்மோஸ்டாட் ஆன் ஆகியிருக்கலாம். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆர்சிடி விழுவதற்கும் இதுவே காரணம். அந்த வீட்டின் போர்டில் இரண்டு ஆர்சிடி, பாதிப் பாதி சர்க்யூட்கள். ஹீட்டிங் ஒன்றின் கீழ், புது அறையின் பிளக் பாயின்ட்கள் மற்றதின் கீழ். போகிற மின்சாரமும் வருகிற மின்சாரமும் சமமா என்று மட்டும்தான் ஆர்சிடி பார்க்கிறது. வால்வ் மோட்டார் சுமார் 6 வாட், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 26 மில்லி ஆம்பியர். ஆர்சிடி 30 மில்லி ஆம்பியருக்குள் விழுந்தாக வேண்டும், 15க்குக் கீழே விழக் கூடாது. 26 என்பது சரியாக வரம்பின் விளிம்பில் நிற்கிறது. கூட வாஷிங் மெஷினோ அடுப்போ கொஞ்சம் கசியவிட்டால் போதும். ஒன்றில் போனது கணக்கில் வரவில்லை, மற்றதில் கணக்கில்லாதது வந்துவிட்டது, எனவே எது முந்துகிறதோ அது விழும். முழு பம்ப்பே இப்படி இரண்டு சர்க்யூட்டுக்கு நடுவே மாட்டியிருந்தால் முதல் நாளே விழுந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். வால்வ் சின்னது என்பதால் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

சரி, போர்டில் இரண்டு சர்க்யூட்டையும் ஆஃப் செய்து பூட்டு போட்டுவிட்டு, முதல் குறைக்கு வந்தேன்.

இரவில் தானாக எரிவது என்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டதா என்பதைத்தான். நியாயமான சந்தேகம், அடிக்கடி நடப்பதும்கூட. அதைக் கண்டுபிடிக்க வழக்கமான வழி: பொது ஆரஞ்சிலிருந்து ஒவ்வொரு வால்வின் ஆரஞ்சாகக் கழற்றிவிட்டு, எதைக் கழற்றியதும் பாய்லர் அணைகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு முறையும் சப்ளையை நிறுத்தி, கழற்றிய நுனியைக் கனெக்டருக்குள் மூடி, மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருந்தது: ஸ்பரை ஆஃப் செய்து ஆன் செய்தாலே பாய்லர் சாதுவாகிவிடும், மறுபடி யாராவது ஒரு முறை ஹீட்டிங் கேட்ட பிறகுதான் பிடிவாதம் ஆரம்பிக்கும். இதுவே ஒரு துப்பு. ஒட்டிப்போன ஸ்விட்ச் மின்சாரம் போய் வந்தால் சரியாகிவிடாது.

ரேடியேட்டர் வால்வின் ஆரஞ்சைக் கழற்றினேன், சிலிண்டரைச் சூடாக்கச் சொல்லிவிட்டு நிறுத்தினேன்: பாய்லர் தொடர்ந்து எரிந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு சிலிண்டர் ஆரஞ்சைக் கழற்றினேன்: அதேதான். அதையும் மாட்டிவிட்டு மூன்றாவது வால்வின் ஆரஞ்சை மட்டும் கழற்றினேன். சிலிண்டர் சூடானது, நிறுத்தச் சொன்னதும் பாய்லர் சமர்த்தாக அணைந்தது.

முன்னால் வந்தவர் இங்கேயே நிறுத்தி, மூன்றாவது வால்வின் தலையை மாற்றியிருக்கிறார். நானும் அப்படியே செய்திருப்பேன், கழற்றிய அந்த ஆரஞ்சு நுனியில் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால். தரை வால்வ் மூடியிருந்தது, கையால் அதன் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்து உறுதி செய்திருந்தேன். ஆனாலும் ஆரஞ்சில் 230 வோல்ட். ஸ்விட்ச் ஒட்டியிருந்தால் இது எப்போதும் இருக்கும், சாம்பல் வயரில் நிரந்தர லைவ் இருப்பதால். டெஸ்டரை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பாய்லர் அணைந்துவிட்டது, பம்ப் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, அலமாரிக்குள் அதன் முனகல் கேட்டது. சில நிமிடம் போயிருக்கும். பம்ப் நின்றது. அதே கணத்தில் என் கையில் டெஸ்டரின் விளக்கும் அணைந்தது.

இரண்டும் ஒன்றாகச் செத்தால் இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். ஆரஞ்சில் இருந்த லைவ் வால்விலிருந்து வரவில்லை, பாய்லர் பம்ப்புக்குக் கொடுக்கும் லைவிலிருந்து வருகிறது. எங்கேயோ இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

தொட்டுக்கொண்டிருந்த இடம் சிங்க்குக்குக் கீழே, தரைக் குழாய்கள் பிரியும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜங்ஷன் பெட்டி. நடந்ததை அக்காவிடம் கேட்டுக் கேட்டுக் கோத்துப் பார்த்ததில் இப்படி வருகிறது. முதலில் வேலை செய்தவர் இரண்டாவது பம்ப்பை முதல் பம்ப்போடு சேர்த்துவிட்டார்: மாடியில் பம்ப் முனையிலிருந்து ஒரு மூன்று வயர் கேபிள் கீழே இறங்கி இரண்டாவது பம்ப்புக்கு வந்தது. பம்ப்போடு பம்ப், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் குளிக்க வெந்நீர் போட்டாலும் சமையலறைக்குள் அந்த பம்ப் ஓடும். கோடையிலும் சத்தம் கேட்கிறதே என்று அக்கா இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் "தரை வால்வ் திறந்தால் மட்டும் ஓட வேண்டும்" என்று சரியாகவே புரிந்துகொண்டு, மூன்றாவது வால்வின் ஆரஞ்சிலிருந்து ஒரு துண்டு வயரை பம்ப்பின் லைவுக்குக் கொடுத்திருக்கிறார். மாடியிலிருந்து வரும் பழைய லைவைக் கழற்றவில்லை. அந்தத் துண்டு வயர் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

அதன் பிறகு நடப்பதைத் தொடர்ந்து பாருங்கள். யாரோ ஹீட்டிங் கேட்கிறார்கள், பொது ஆரஞ்சில் லைவ், பாய்லர் எரிகிறது, பம்ப்புக்கு லைவ் கொடுக்கிறது. அந்த லைவ் கீழே ஜங்ஷன் பெட்டிக்கு வந்து, துண்டு வயர் வழியாக மூன்றாவது ஆரஞ்சில் ஏறி, மாடிக்குப் போய்ப் பொது ஆரஞ்சில் சேர்ந்து, பாய்லரிடமே "எரி" என்று சொல்கிறது. அறை சூடாகி வால்வ் மூடினாலும் பாய்லருக்குக் கட்டளை நிற்கவில்லை, ஏனென்றால் இப்போது கட்டளை போடுவது அதுவேதான். எல்லா வால்வும் மூடியிருக்க, பைபாஸில் மட்டும் தண்ணீர் சுற்ற, தண்ணீர் அதிகபட்சச் சூட்டைத் தொட்டு அணைந்து, ஆறி, மறுபடி எரிந்து, விடியும்வரை அதே கதை. ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராக இருந்தது இதனால்தான். பல பாய்லர்கள் நெடுநேரம் சும்மா இருந்தால் பம்ப் இறுகிவிடக் கூடாது என்று அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கும். இப்படிப்பட்ட வயரிங்கில் அந்தச் சின்ன ஓட்டமே தீயை மூட்டிவிடும்.

அந்தத் துண்டு வயரை வெட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடும், ஆனால் அக்காவின் பழைய புகார் தீராது. மாறாக, மாடி லைவை மட்டும் கழற்றிவிட்டு ஆரஞ்சை வைத்துக்கொண்டால்? அதுவும் உதவாது. மூன்று ஆரஞ்சும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் எந்த வால்வ் திறந்தாலும் மூன்றிலும் லைவ் வந்துவிடும், தரை பம்ப் அப்போதும் குளியலுக்கெல்லாம் ஓடும். ஒரு வால்வுக்கு மட்டும் சொந்தமான பம்ப் வேண்டுமென்றால் அந்த வால்வின் ஆரஞ்சு மற்ற ஆரஞ்சுகளிலிருந்து பிரிந்தே ஆக வேண்டும். பிரிந்தால் பாய்லருக்கு யார் சொல்வது? இங்கேதான் ரிலே வேண்டும், அதாவது சுருளுக்கு மின்சாரம் வந்தால் வேறு வயர்களைச் சேர்த்துவிடும் ஸ்விட்ச்.

230 வோல்ட் சுருளும் தனித்தனியாக இரண்டு ஜோடித் தொடர்பும் உள்ள ரிலே ஒன்றை கீழே கொஞ்சம் பெரிய பெட்டி வைத்து மாட்டினேன். மூன்றாவது வால்வின் ஆரஞ்சு இப்போது ரிலேயின் சுருளுக்கு மட்டும் போகிறது, வேறு எங்கேயும் போகாது. ரிலே இழுத்ததும் முதல் ஜோடி நிரந்தர லைவை எடுத்து தரை பம்ப்புக்குக் கொடுக்கும், இரண்டாவது ஜோடி அதே லைவை மாடிக்குப் போகும் ஆரஞ்சுக்குக் கொடுக்கும், பாய்லர் எரியும். மற்ற வால்வுகள் திறக்கும்போது பொது ஆரஞ்சின் லைவ் கீழே ரிலேவரை வந்து, திறந்திருக்கும் தொடர்பில் முட்டி நின்றுவிடும். நிரந்தர லைவ், நியூட்ரல், எர்த் எல்லாம் வால்வுக்காக ஏற்கனவே மாடியிலிருந்து வந்த ஐந்து வயர் கேபிளிலேயே இருந்தன, சுவரை உடைக்கத் தேவைப்படவில்லை. ரிசீவரையும் பிளக் சர்க்யூட்டிலிருந்து பிரித்து இதிலேயே சேர்த்தேன். பழைய பம்ப் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி உருவி எடுத்தேன். உபயோகமில்லாத வயர் உள்ளே கிடந்தால் நாளைக்கு வருகிறவர் அதை எதற்காவது பயன்படுத்திவிடுவார்.

ரிலே வாங்கும்போது பம்ப் 45 வாட்தானே என்று கண்ணில் பட்ட சின்ன ரிலேயை எடுக்காதீர்கள். இப்போது வரும் எலக்ட்ரானிக் பம்ப்புகள் ஓடும்போது கொஞ்சம்தான் இழுக்கும், ஆனால் ஆன் ஆகும் கணத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புவதற்காகச் சட்டென்று பல மடங்கு இழுக்கும். அந்த அடியில் தொடர்பு முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதுமா என்று அக்காவின் கணவர் கேட்டார், நல்ல கேள்வி. 3 ஆம்பியர் என்றால் 690 வாட், இரண்டு பம்ப்பும் மூன்று வால்வும் பாய்லரின் ஃபேனும் சேர்ந்தாலும் பாதியைத் தொடாது.

இன்னொன்றும் சேர்த்தேன், அதை யாரும் கேட்கவில்லை. பாய்லரிலிருந்து வரும் தண்ணீர் 70 டிகிரி இருக்கலாம். சிமென்ட் தரைக்குள் 55க்கு மேல் போகக் கூடாது. மேனிஃபோல்டில் ஒரு கலக்கும் வால்வ் ஆறிய தண்ணீரைச் சேர்த்து இதைக் குறைக்கிறது. அது பழுதானால்? குழாயில் கட்டும் ஒரு தெர்மோஸ்டாட்டை 55இல் வைத்து தரை பம்ப்பின் லைவோடு தொடரில் மாட்டினேன். சூடு மீறினால் பம்ப் நின்றுவிடும். தரை வெடித்துப் பெயர்த்தெடுக்கும் செலவை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

பாய்லரின் மூடியை நான் திறக்கவே இல்லை. கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும், எனக்கு அது கிடையாது. உங்கள் வீட்டில் வேலை என்றால் இன்னொரு எச்சரிக்கை: சில பாய்லர்களில் தெர்மோஸ்டாட் முனைகள் குறைந்த வோல்டேஜில் வேலை செய்பவை. இந்த வீட்டு வரைபடத்தைப் பார்த்து அங்கே 230ஐக் கொடுத்தால் போர்டு ஒரே நொடியில் போய்விடும், அந்த பாய்லரின் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வயரும் மாட்டாதீர்கள்.

எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன் எல்லாம் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். சிலிண்டர் மட்டும்: மாடி பம்ப் ஓடியது, தரை பம்ப் அசையவில்லை. ரேடியேட்டர் மட்டும்: அதேதான். தரை மட்டும்: வால்வ் திறந்து, ரிலே டக்கென்று இழுத்து, இரண்டு பம்ப்பும் ஓடின. எல்லாவற்றையும் நிறுத்தினேன். தீ அணைந்தது, மாடி பம்ப் முனகிக்கொண்டே இருந்தது, அக்கா தேநீரோடு படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் நின்றது. பாய்லர் எரியவில்லை. இன்னும் பத்து நிமிடம் காத்திருந்தோம், எரியவில்லை. ஸ்பரை ஆஃப் செய்து, தரை தெர்மோஸ்டாட்டை வேண்டுமென்றே முழுக்க ஏற்றிவிட்டு, நியூட்ரல்-எர்த் மறுபடி பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறேன்: எந்த முனையில் எது, கீழே ரிலே எங்கே, பம்ப்புக்குப் போகும் லைவும் ஆரஞ்சும் எங்கேயும் சேரக் கூடாது என்று சிவப்பில் ஒரு வரி, தேதி. ஆங்கிலத்தில் ஒன்று, அக்காவுக்காகத் தமிழில் ஒன்று.